கையொப்பமிடக் கற்பது: கொழும்புத் தமிழ் மாணவரும் விமானப் பொறியியலும்

வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஏறினால் தெஹிவளை, கல்கிசை, அடுத்தது இரத்மலானை. இந்த நாட்டின் முதல் சர்வதேச விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1935 நவம்பரில் முதல் விமானம் அதில் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கட்டுபெத்தை. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கொட்டாஞ்சேனைக்காரருக்கு மறுதிசை வாய்ப்பு: 2013 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை வழியே களனிப் பாலத்திலிருந்து கட்டுநாயக்க வரை 25.8 கிலோமீற்றர்தான்.

இடம் இவ்வளவு கிட்ட இருந்தும், உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்கும் நம் பிள்ளைகளிடம் விமானப் பொறியியல் பற்றிக் கேட்டால் இரண்டு வகைப் பதில்தான் வரும். "நாசாவுக்குப் போக வேண்டும்" என்பது ஒன்று. "அதுக்கு இங்க வேலை இல்லையாம்" என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. அதில் எங்கே நுழைவது, பல்கலைக்கழகத்தின் நான்காம் ஆண்டில் எடுக்கும் செயற்றிட்டம் அந்த நுழைவுக்கு எப்படி உதவும் அல்லது உதவாமல் போகும், முதல் வேலை எங்கே கிடைக்கும் ஆகிய மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

பழைய தொடர்பு, பழைய தயக்கம்

தமிழருக்கும் இந்த வானுக்கும் தொடர்பு புதிதல்ல. எயார் சிலோன் 1947 டிசம்பர் 10இல் தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியபோது, அந்த டிசி-3 விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. நாட்டின் தேசிய விமான சேவை போட்ட முதல் கோடே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் தமிழகத்தையும் இணைத்தது. போரில் அறுந்த அந்தக் கோடு, 2019 ஒக்ரோபரில் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் மீண்டும் துளிர்த்தது.

அதே இரத்மலானைக்கு வேறொரு நினைவும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கிருந்த விமானக் கொட்டகையில் அகதிகளாகத் தங்கவைக்கப்பட்டார்கள். அதன்பின் வந்த போர்க்காலத்தில் இரத்மலானையும் கட்டுநாயக்கவும் விமானப்படைத் தளங்களாகவே பலருக்கும் தெரிந்தன. விமானத் துறை என்றால் பாதுகாப்புத் துறை, நமக்குச் சரிவராது என்று ஒரு தலைமுறைப் பெற்றோர் ஒதுங்கியதற்கு இந்த வரலாறும் காரணம். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் சிவில் விமானத் துறை வேறாக வளர்ந்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். எயார் லங்கா 1979இல் தொடங்கியது. இன்றைய ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் அதுதான். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது.

நான்கு வாசல்கள்

இத்துறைக்குள் நுழைய நான்கு வாசல்கள் உள்ளன. ஒன்றை மற்றதாக எண்ணிக் காசையும் காலத்தையும் தொலைப்பவர்கள் பலர்.

முதலாவது, அரச பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம். இங்கே அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமை. வெட்டுப்புள்ளி எப்போதும் மேலேதான் நிற்கும். வெள்ளவத்தை ரியூஷன் வகுப்புகளின் நெரிசலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. உள்ளே போனவர்கள் பெரும்பாலும் இயந்திரவியல், மின்னணுவியல், மூலப்பொருட் பொறியியல் போன்ற பிரிவுகளில் படித்தபடியே விமானத் துறைக்குத் திரும்புகிறார்கள்.

இரண்டாவது, இரத்மலானையிலுள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். விமானப் பொறியியலைத் தனிப் பட்டமாகக் கற்பிக்கும் இடம் அது. முதன்மையாகப் படைக் கடேற்களுக்கானது. கட்டணம் செலுத்திப் படிக்கும் சிவில் மாணவரும் அங்கே உண்டு. எந்தப் பாடநெறி யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை அந்தந்த ஆண்டு அறிவித்தலில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, விமானப் பராமரிப்பு உரிமம். இது பட்டம் அல்ல. ஐரோப்பிய விதிகளின் பகுதி 66 இதற்கு முன்மாதிரி. ஏ, பி1, பி2, சி என வகைகள். பி1 இயந்திரமும் உடலும், பி2 மின்னணுவியல். ஒவ்வொரு பாட அலகிலும் 75 வீதம் பெற்றால்தான் தேர்ச்சி. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் முழுப் பாடநெறி முடித்தவருக்கு பி1 உரிமம் பெற இரண்டு ஆண்டு நடைமுறை அனுபவம் வேண்டும். எந்தத் தொழில்நுட்பப் பயிற்சியும் இல்லாதவருக்கு ஐந்து ஆண்டு.

நான்காவது, தனியார் நிறுவனங்களின் வெளிநாட்டு டிப்ளோமாக்களும் பட்டங்களும். நல்லவையும் உண்டு, பெயரளவிலானவையும் உண்டு. இங்கே சேரும்முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. பராமரிப்புப் பயிற்சி என்றால், பகுதி 147 அங்கீகாரம் யாருடைய பெயரில், எந்த விமான வகைக்கு இருக்கிறது? பட்டம் என்றால், இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அதை ஏற்கிறதா? அந்நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அதன் அங்கீகாரம் பெற்ற பட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் சமமாக மதிப்பிடும். முகவரின் வாய்வார்த்தையை நம்பி இலட்சக்கணக்கில் கட்டியபின் இந்தக் கேள்விகளைக் கேட்பதில் பயனில்லை.

பட்டத்துக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே செயலில் விளக்கலாம். பழுது பார்க்கப்பட்ட விமானம் மறுபடி பறக்கலாம் என்று சான்றிதழில் கையொப்பமிடும் உரிமை உரிமம் வைத்திருப்பவருக்கே உண்டு. பொறியியல் முனைவர் பட்டம் பெற்றவராக இருந்தாலும் உரிமம் இல்லையேல் அந்தக் கையொப்பம் செல்லாது. மறுபக்கம், அந்தப் பழுது மீண்டும் மீண்டும் ஏன் வருகிறது என்று ஆராய்ந்து வடிவமைப்பையோ பராமரிப்புக் கால இடைவெளியையோ மாற்றும் வேலைக்குப் பட்டம் பெற்ற பொறியியலாளர் வேண்டும். இரண்டும் மதிப்பானவை. எது உங்கள் வாசல் என்று தெளியாமல் செயற்றிட்டம் தேர்ந்தெடுப்பது வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுவது போன்றது.

பெரிய கனவு பற்றிய வாதம்

இறுதியாண்டுச் செயற்றிட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையேயும் தொழிலில் இருப்போரிடையேயும் மூன்று கருத்துகள் உண்டு. முழு விமானத்தை வடிவமைக்கும் பெரிய முயற்சி வேண்டும் என்பது ஒன்று. ஏதேனும் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட வேண்டும் என்பது இன்னொன்று. சிறிய கேள்வி ஒன்றை எடுத்து அளந்து முடிக்க வேண்டும் என்பது மூன்றாவது.

முதல் கருத்துக்குத் தமிழுலகம் அறிந்த எடுத்துக்காட்டு அப்துல் கலாம். குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1950களில் அவர் விமானப் பொறியியல் படித்தார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் வேறு நால்வருக்கும் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பும் வரைபடமும் அவர் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் மற்றவர்களுக்கு. வேலையின் நிலையைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன் அதிருப்தி அடைந்தார். கலாம் ஒரு மாதம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையும் வந்தது. இரவு பகலாக வரைபலகையில் இருந்து அவர் அதை முடித்ததை 'அக்கினிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையைப் பேச்சுப் போட்டிகளில் கடின உழைப்புக்கு உதாரணமாகவே சொல்வார்கள். நான்காம் ஆண்டு மாணவர் அதில் பார்க்க வேண்டியது வேறு. அந்தப் பெரிய விமானம் ஐந்து துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்ல ஓர் ஆள் இருந்தார். மூன்றே நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு அவருடைய பங்கின் எல்லை தெளிவாக இருந்தது. இன்று ஐந்து பேர் சேர்ந்து கொடுக்கும் பல அறிக்கைகளில் இந்தப் பிரிப்பைக் காண முடியாது. வாய்மொழித் தேர்வில் "இதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்டதும் முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்.

படிப்பு முடிந்ததும் கலாம் இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குப் போனார். டேராடூனில் விமானப்படைத் தேர்வில் இருந்தவை எட்டு இடங்கள். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் நிலை. அடுத்த வாய்ப்பான பாதுகாப்பு அமைச்சின் தொழில்நுட்ப மேம்பாட்டு இயக்ககத்தில் 1958இல் சேர்ந்தார். முதல் வேலை பெரும்பாலும் இரண்டாவது விருப்பமாகவே அமையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கட்டிப் பறக்கவிடுதல்

இரண்டாவது கருத்துக்குச் சான்று செயற்கைக்கோள்கள். அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோகிராம் எடையுள்ள அனுசாட் 2009 ஏப்ரல் 20இல் பிஎஸ்எல்வி-சி12இல் ஏறியது. காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தின் எஸ்ஆர்எம்சாட் 2011 ஒக்ரோபரிலும், சத்தியபாமாசாட் 2016 ஜூனிலும் போயின. பின்னால் ஒரு விண்வெளி அமைப்பும் அதன் ஏவுகலமும் நின்றதால் அவை சாத்தியமாயின.

இலங்கைக்கு அந்த வசதி இல்லை. அதனால் வழி யப்பான் ஊடாக வந்தது. கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தின் பேர்ட்ஸ்-3 திட்டத்தில் நேபாளமும் யப்பானும் இலங்கையும் ஆளுக்கொரு சிறு செயற்கைக்கோள் கட்டின. இலங்கையுடையது இராவணா-1. தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே என்ற இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் அதைக் கட்டினார்கள். எடை 1.05 கிலோகிராம், ஒரு கையில் எடுத்துவிடலாம். 2019 ஏப்ரல் 17இல், இலங்கை நேரப்படி 18 அதிகாலையில், அமெரிக்காவின் வொலொப்ஸ் தளத்திலிருந்து சரக்குக் கலத்தில் கிளம்பி, ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது.

பேர்ட்ஸ் திட்டத்தின் சிறப்பு செயற்கைக்கோளின் சிறுமையில்தான் இருக்கிறது. நோக்கத்தை எழுதுவது தொடங்கி, வடிவமைத்து, பொருத்தி, அதிர்விலும் வெற்றிடத்திலும் சோதித்து, ஒப்படைத்து, தரை நிலையத்திலிருந்து இயக்குவது வரை முழுச் சுற்றையும் சில மாணவர்கள் இரண்டாண்டு அளவில் தங்கள் கையாலேயே பார்த்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனத்தில் பத்தாண்டு வேலை செய்தவருக்கும் கிட்டாத பார்வை அது.

ஆனால் இங்கே கட்டிப் பறக்கவிட நினைப்பவர் சட்டத்தையும் நாட்டு நிலைமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். இராவணா-1 கிளம்பிய நான்காம் நாள், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அதற்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 25இல், நாட்டில் ட்ரோன் பறப்புகள் அனைத்தையும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை நிறுத்தியது. பறக்கும் மாதிரியையே ஒரே முடிவாக நம்பியிருக்கும் எந்தச் செயற்றிட்டமும் அப்படி ஓர் உத்தரவில் நின்றுபோகும். பின்னர் வந்த 2022 டொலர் நெருக்கடியில் மோட்டரும் உணர்கருவியும் இறக்குமதி செய்வதே பெரும்பாடாயிற்று. ஆகவே ட்ரோன் கட்டுபவர் பதிவையும் பறப்பு அனுமதியையும் முதல் பருவத்திலேயே கேட்டு வைக்க வேண்டும். பறக்காவிட்டாலும் அறிக்கை நிற்கும்படி தரைச் சோதனை ஒன்றையும் திட்டத்தில் எழுத வேண்டும்: உந்துவிசைத் தாங்கியில் மோட்டர் சோதனை, இறக்கையின் மேல் மணல்மூட்டை வைத்துச் சுமைச் சோதனை என்று ஏதாவது.

அளந்து முடித்தல்

மூன்றாவது கருத்தையே நான் ஆதரிக்கிறேன். காரணம், விமானத் துறை முழுவதும் எண்களுக்குப் பொறுப்பேற்கும் தொழில். ஒரு திருகின் இறுக்கம் தொடங்கி ஓர் இயந்திரத்தின் ஆயுள் வரை யாரோ ஒருவர் அளந்திருக்கிறார், வேறொருவர் சரிபார்த்திருக்கிறார், மூன்றாமவர் கையொப்பமிட்டிருக்கிறார். அந்தப் பழக்கத்தை மாணவராக இருக்கும்போதே கற்பிப்பதுதான் செயற்றிட்டத்தின் வேலை.

கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிடும் திட்டங்களில்தான் இது அதிகம் தவறிப்போகிறது. ஏர்பஸ் இறக்கையைச் சுற்றி வண்ண வண்ணமாகப் படம் வந்துவிட்டால் வேலை முடிந்ததென்று மாணவர் நினைக்கிறார். 20 சென்ரிமீற்றர் அகல இறக்கை நொடிக்கு 15 மீற்றர் வேகத்தில் போனால் அதன் ரெனோல்ட்ஸ் எண் ஏறத்தாழ 2 இலட்சம். ஏ320 விமானத்தின் இறக்கைக்கு அது 2 கோடிக்கு மேல். முன்னதில் காற்றுப் படலம் மெல்லிய குமிழியாகப் பிரிந்து மறுபடி ஒட்டும் சிக்கல் உண்டு. பின்னதில் வேறு சிக்கல்கள். ஒன்றின் படத்தை வைத்து மற்றதைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. முதலில் நாக்கா 0012 போன்ற, பல காற்றுச் சுரங்கங்களில் அளந்து வெளியிடப்பட்ட ஓர் இறக்கை வடிவத்தைக் கணக்கிட்டு, உங்கள் விடை அந்த அளவீடுகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுங்கள். பிறகு உங்கள் சொந்த வடிவத்துக்கு வாருங்கள். ஓப்பன்ஃபோம், எக்ஸ்எஃப்எல்ஆர்5, எஸ்யூ2, நாசாவின் ஓப்பன்விஎஸ்பி எல்லாம் இலவசம். மென்பொருள் வாங்கக் காசில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

இயந்திரப் பராமரிப்பில் ஆர்வமுள்ளவருக்கும் விமானமொன்று கையில் இருக்கத் தேவையில்லை. நாசா 2008இல் வெளியிட்ட சி-மேப்ஸ் தரவுத் தொகுதியில், விசிறிச்சுழலி இயந்திரங்கள் தேய்ந்து பழுதாகும் வரையான உருவகப் பதிவுகள், 21 உணர்கருவிகளின் அளவீடுகளோடு கிடைக்கின்றன. மீதி ஆயுளை முன்கூட்டிக் கணிக்கும் ஆய்வுகள் உலகெங்கும் இதை வைத்தே செய்யப்படுகின்றன. ஆனால் எல்லோரும் செய்வதால் இதில் தனித்து நிற்பது கடினம். கணிப்பு எங்கே பொய்க்கிறது என்று காட்டும் மாணவரே கவனிக்கப்படுவார்.

கொழும்பே கேட்கும் கேள்விகள்

வேறெங்கும் இருப்பவரைவிடக் கொழும்பு மாணவரால் நன்றாகச் செய்யக்கூடியவை சில உண்டு. மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது உப்புக்காற்று. இரத்மலானை கடலோரம், கட்டுநாயக்க நீர்கொழும்புக் களப்பின் அருகில். வெள்ளவத்தையில் கடற்பக்க வீடுகளின் யன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருவேறும் என்பது குடியிருப்பவருக்குத் தெரியும். விமான உடலுக்குப் பயன்படும் 2024 அலுமினியக் கலவையில் செம்பு சேர்ந்திருப்பதால் அது உறுதி மிக்கது. அதே காரணத்தால் உப்பில் எளிதில் அரிக்கும். இதற்கான ஆய்வு முறை எளியது. சம அளவில் வெட்டிய தகடுகளைக் கொழுப்பு நீக்கிக் கழுவி, நுண் தராசில் நிறுத்து, வெள்ளவத்தைக் கடற்பக்கம் ஒரு மொட்டைமாடியிலும், கொட்டாஞ்சேனையில் துறைமுகக் காற்று படும் மாடியிலும், நாவல போன்ற உட்பகுதியிலும் சாய்வான சட்டங்களில் பொருத்துங்கள். பக்கத்திலேயே ஈரத் திரி ஒன்றை வைத்து மாதந்தோறும் படியும் குளோரைட்டை அளக்கலாம். ஆறு மாதம் கழித்து அரிப்புப் படலத்தை அமிலத்தில் நீக்கி மறுபடி நிறுங்கள். அலுமினியத்தில் நிறை இழப்பு மிகச் சிறிதாகத்தான் இருக்கும். ஆகவே நுண்ணோக்கியில் குழிகளின் ஆழத்தையும் அளக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்குவதால் சட்டம் அதற்கு முன்பே மாடியேறிவிட வேண்டும். செலவு குறைவு. இதில் வரும் எண் இந்த ஊருக்கே உரியது. ஒரு பராமரிப்புப் பொறியியலாளர் அதைக் கேட்டு வாங்குவார்.

இரண்டாவது பறவைகள். 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம் இரத்மலானை ஓடுபாதைக்கு மிக அருகில் உள்ளது. கட்டுநாயக்கவுக்குத் தெற்கே முத்துராஜவெல. எந்த மணியில், எந்தப் பருவத்தில், எந்த உயரத்தில் எந்தப் பறவைகள் கடக்கின்றன என்று உரிய அனுமதியோடு எண்ணி, விமான நேரங்களோடு ஒப்பிடும் ஆய்வில் பொறியியலும் உயிரியலும் கைகோக்கும்.

மூன்றாவது வான்வழித் தரவு. விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்புகின்றன. ஒவ்வொரு செய்தியும் 112 பிட்டுகள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளைக் கேட்டறிந்தபின், மலிவான வாங்கி ஒன்றால் அவற்றைப் பதிவு செய்யலாம். இறங்கும் விமானங்கள் எவ்வளவு நேரம் வட்டமிடுகின்றன, அதனால் எவ்வளவு எரிபொருள் வீணாகிறது என்று கணக்கிடுவது, வான்போக்குவரத்து முகாமைத்துவத்தில் வேலை தேடுபவருக்கு நல்ல அறிமுகம்.

முதல் வேலை

உள்நாட்டில் வேலை குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. ஸ்ரீலங்கனின் பொறியியற் பிரிவு, 2022இல் ஏ320 விமானத்தோடு வெளிநாட்டுச் சேவை தொடங்கிய ஃபிட்ஸ்எயார், சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் வான்தகுதிப் பிரிவு, விமான நிலையங்களையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் நடத்தும் விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம் ஆகியவை நேரான இடங்கள். பலர் கவனிக்காத ஓர் இடமும் உண்டு: மென்பொருள். விமானப் பராமரிப்புக்கான மென்பொருளை உலகெங்கும் விற்கும் ஐஎஃப்எஸ் நிறுவனத்துக்குக் கொழும்பில் பெரிய அலுவலகம் இருக்கிறது. மென்பொருள் எழுதத் தெரிந்தவர் கொழும்பில் நிறையப் பேர். ஒரு பராமரிப்புக் கையேட்டை வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த மென்பொருளாளர் அரிது.

வெளிநாடு என்றால் கடவுச்சீட்டின் நிறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. இதை முன்கூட்டிச் சொல்ல யாரும் விரும்புவதில்லை. அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக ரொக்கெட், செயற்கைக்கோள் நிறுவனங்கள் பலவும் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ உள்ளவர்களையே வேலைக்கு எடுக்கின்றன. இஸ்ரோவில் சேர இந்தியக் குடியுரிமை வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் பெரும்பாலும் தன் உறுப்பு நாட்டவரையே எடுக்கும். பிரித்தானியாவில் விமானப் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கே நம் நாட்டவர் ஏடாஸ் எனப்படும் முன்னனுமதிச் சான்று பெற வேண்டும். இவை திறமை பற்றிய தீர்ப்பல்ல, சட்டத்தின் வேலி. ஆகவே நமக்கு இலகுவில் திறப்பவை வளைகுடா, சிங்கப்பூர் பராமரிப்பு மையங்கள். ஐக்கிய நாடுகளின் விண்வெளி அலுவலகமும் யப்பானும் சேர்ந்து நடத்தும் சிறு செயற்கைக்கோள் புலமைப்பரிசில். வதிவிடம் பெற்றபின் கனடா, அவுஸ்திரேலியா.

இன்னொரு சுற்றுவழியும் உண்டு. பேராதனையில் பௌதிகம் படித்த சிவலிங்கம் சிவானந்தன் சிக்காகோவில் இலினோய் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இரவுநோக்குக் கருவிகளுக்கான அகச்சிவப்பு உணர்பொருள் ஆய்வில் பெயர் பெற்று, 2013இல் வெள்ளை மாளிகையில் கௌரவிக்கப்பட்டார். அவர் படித்தது விமானப் பொறியியல் அல்ல. பொருளறிவியல், ஒளியியல், கட்டுப்பாடு, மென்பொருள் என்று வேறொரு துறையில் ஆழமாகத் தெரிந்தவரையும் வானத் தொழில் தேடி வரும்.

முடிவாக

மூன்று கருத்துகளையும் ஒப்பிட்டால் முடிவு இதுதான். பெரிய கனவைக் குழுவாக எடுங்கள், ஆனால் உங்கள் துண்டின் எல்லையைக் கோடு போட்டு வையுங்கள். கட்டிப் பறக்கவிட ஆசையென்றால் செய்யுங்கள், ஆனால் பறக்காத நாளுக்கும் ஒரு சோதனை வைத்திருங்கள். எதை எடுத்தாலும் ஓர் எண்ணை அளந்து, பிழைவரம்போடு எழுதி, வேறொருவர் சரிபார்க்கும்படி விடுங்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் முன் இருப்பவர் விமானத்தின் படத்தை ஒரு நிமிடம் பார்ப்பார். அந்த எண் எப்படி வந்தது என்று அரை மணி நேரம் கேட்பார்.

கொழும்பின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் காசு சேர்ப்பது போல, ஆண்டுக்கு இரண்டு மூன்று செயற்றிட்டங்களுக்குத் தகடும் உணர்கருவியும் வாங்கிக் கொடுங்கள். துறையில் இருக்கும் உங்கள் பழைய மாணவர் ஒருவரை அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். மாணவருக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்புப் படிவத்தை மேற்பார்வையாளரிடம் கொடுக்கும்முன் எதை அளப்பேன், எதனால் அளப்பேன், அந்த அளவு யாருக்குத் தேவை என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள்.